லாயத்தில் கட்டிப்போட்ட குதிரைக்கு என்ன போடுவது? எடையும் ஏறக்கூடாது, முகத்தையும் திருப்பக்கூடாது

உடுமலை_தோப்பு | மார்ச் 2, இரவு 9.10

வணக்கம். எங்களிடம் ஒன்பது வயது மார்வாரிப் பெட்டைக் குதிரை இருக்கிறது, பெயர் மின்னி. நான்கு வருடத்துக்கு முன் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் வாங்கியது. போன வாரம் தோப்பில் ஓடும்போது வாய்க்கால் மேட்டில் முன்னங்கால் மடங்கித் தசைநார் கிழிந்துவிட்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் ஆறு வாரத்துக்கு லாயத்தை விட்டு வெளியே எடுக்கவே கூடாது, அதற்கப்புறம் கையில் பிடித்து நடத்தலாம் என்கிறார். வலிக்குப் பினைல்பியூட்டசோன் பொடி கொடுத்திருக்கிறார்.

இதுவரை ஒரு நாளைக்குப் போட்டது: கொள்ளு ஒன்றரை கிலோ (வேகவைப்பதற்கு முன் எடை), கோதுமைத் தவிடு ஒரு கிலோ, ஓட்ஸ் ஒரு கிலோ, வெல்லம் ஒரு கட்டி. பசுந்தீவனம், மாட்டுக்கு வெட்டுகிற அதே கோ-4 புல்தான்.

அவளுக்கு ஏற்கெனவே பிடரி மேடு தடித்துத்தான் இருக்கிறது. நின்ற இடத்திலேயே நின்றால் இன்னும் ஊதிவிடுவாள் என்று பயந்து எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்தேன், புல்லையும் சேர்த்து. மூன்றே நாளில் தொட்டியின் பலகையைக் கொறிக்க ஆரம்பித்துவிட்டாள். ராத்திரி சுவரை உதைக்கிற சத்தம் வீடு வரைக்கும் கேட்கிறது. காலும் கெட்டுவிடும் போலிருக்கிறது. கலோரி குறைவாக, ஆனால் அவள் விரும்பித் தின்கிற மாதிரி என்ன போடலாம்?

அந்தியூர்_சந்தைக்காரன் | மார்ச் 2, இரவு 10.02

தம்பி, பயப்படாதீங்க. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஓட்ஸை நிறுத்துங்கள், கொள்ளு இருக்கட்டும். தவிட்டை வெந்நீரில் கஞ்சி மாதிரி கரைத்து வெல்லம் போட்டுக் கொடுங்கள், வயிறு இளகிப் போகும். மீதி வயிற்றுக்கு வைக்கோல். எங்கள் அப்பா காலத்திலிருந்து ஓய்வில் நிற்கிற குதிரைக்கு இதுதான்.

கிண்டி_பழைய_சைஸ் | மார்ச் 2, இரவு 11.15

கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தில் 22 வருடம் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவனாக இருந்தவன். அண்ணன் சொன்னதில் ஓட்ஸை நிறுத்துவது மட்டும் சரி. எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது: குதிரை நின்றால் வாளி (தானியமும் தவிடும்) குறையும், புல் குறையாது. ஞாயிற்றுக்கிழமை ஓடாமல் நிற்கிற குதிரைக்கு வாளியை வழக்கம்போல நிரப்பிவிட்டு, திங்கட்கிழமை வெளியே எடுத்தால் தொடை கல்லாக இறுகி, காபி நிறத்தில் மூத்திரம் போகும். அதை ஒரு தடவை பார்த்தவன் அப்புறம் வாளியில் கை வைக்கும்போது யோசித்துத்தான் அள்ளுவான்.

நீங்கள் செய்த தப்பு புல்லையும் சேர்த்துக் குறைத்தது. பலகையைக் கொறிக்கிறது கொழுப்பினால் இல்லை, வாய் சும்மா இருப்பதால்.

புல்_டாக்டர் | மார்ச் 3, காலை 6.40

அரசுக் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுக்கு நான்கு அறை இரைப்பை. வேகமாக மேய்ந்துவிட்டு அப்புறம் படுத்து அசைபோடும். குதிரைக்கு அந்த வசதி கிடையாது. உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத அளவு சின்ன இரைப்பை, அதில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். அதைத் தணிப்பது எச்சில். எச்சில் மெல்லும்போது மட்டும்தான் ஊறும். ஒரு கிலோ காய்ந்த புல்லை மென்று முடிக்கக் குதிரைக்கு முக்கால் மணி நேரம் வரை ஆகும். ஒரு கிலோ ஓட்ஸ் பத்து நிமிடத்தில் காலி. தீவனத்தைக் குறைக்கிறேன் என்று புல்லில் கை வைத்தால் இரைப்பைப் புண்ணுக்கு வழி செய்கிறோம். அதோடு கொழுத்த குதிரையைத் திடீரென்று பட்டினி போட்டால் உடம்புக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அந்தியூர் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. தவிடு லேசான தீவனம் என்று நம்புகிறோம், தொட்டால் லேசாக இருப்பதால். எடைக்கு எடை பார்த்தால் ஓட்ஸுக்குக் கிட்டத்தட்ட சமமான சக்தி அதில் இருக்கிறது. கொள்ளும் அப்படித்தான், மூன்றுமே கிலோவுக்குச் சுமார் 3.2 மெகாகலோரி. பழமொழி மனிதர்களுக்குச் சொன்னது, குதிரையைக் கேட்டுச் சொல்லவில்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. கோ-4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், மாட்டுக்கு அருமையானது. ஆனால் நேப்பியரில் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம், அது புல்லில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுகின்றன, குதிரைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்பு மிகக் குறைவு. இரண்டையும் சேர்த்து வருடக்கணக்கில் போட்டால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவும். முகத்து எலும்பு இரு பக்கமும் வீங்கும், இன்ன கால் என்று தெரியாமல் மாறி மாறி நொண்டும். வெளிநாட்டில் இதைப் 'பெரிய தலை நோய்' என்பார்கள். மின்னியின் முகத்தைக் கண்ணுக்குக் கீழே இரண்டு கையாலும் தடவிப் பாருங்கள். மேடு எதுவும் தட்டுப்படாவிட்டாலும் கோ-4ஐ மாட்டுக்கே விட்டுவிடுங்கள். காங்கேயம் பக்கத்துக் கொழுக்கட்டைப் புல்லுக்கும் இதே குணம் உண்டு, அதைத் தேடிப் போகாதீர்கள்.

உடுமலை_தோப்பு | மார்ச் 3, காலை 8.25

டாக்டர், முகத்தைத் தடவிப் பார்த்தேன். மேடு இல்லை, ஆனால் கை நடுங்கியது. அவளுக்கு என் கை எதற்கு அங்கே போகிறது என்று புரியாமல் காதை முன்னால் நீட்டி நின்றாள். அவளுடைய எடை எவ்வளவு என்று எனக்கே தெரியாது. எடை மேடைக்குக் கொண்டுபோகவும் முடியாது. எத்தனை கிலோ புல் என்று எப்படிக் கணக்கு வைப்பது?

புல்_டாக்டர் | மார்ச் 3, காலை 9.05

தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி ஒரு அளவு. தோள் முனையிலிருந்து புட்டத்து முனை வரை நீளம் ஒரு அளவு. சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். தோராயம்தான், ஆனால் ஒரே ஆள், ஒரே நேரத்தில், வாரம் ஒரு தடவை எடுத்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

உடுமலை_தோப்பு | மார்ச் 3, மாலை 5.50

சுற்றளவு 172, நீளம் 156. கால்குலேட்டரில் 388 வந்தது.

புல்_டாக்டர் | மார்ச் 3, இரவு 8.30

388 கிலோ என்றால், சும்மா நிற்கும்போது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 12 மெகாகலோரி போதும். நீங்கள் போட்டுக்கொண்டிருந்த மூன்றரை கிலோ வாளி மட்டுமே 11 மெகாகலோரி. மின்னி வாளியிலேயே ஒரு நாள் சாப்பாட்டை முடித்துவிட்டு அதற்கு மேல் புல்லும் தின்றிருக்கிறாள். பிடரி தடிக்காமல் என்ன செய்யும்?

காய்ந்த சாதாரணப் புல் கிலோவுக்கு 1.7, 1.8 மெகாகலோரி. ஏழு கிலோ கொடுத்தாலே தேவை நிறைந்துவிடுகிறது. மெல்லுவதற்கும் நான்கைந்து மணி நேர வேலை. நம் ஊரில் குதிரைக்கு அருகம்புல்லை விடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. அதோடு ஒரு கிலோ காய்ந்த குதிரைமசால் (லூசர்ன்). பெயரிலேயே குதிரை இருக்கிறது, சும்மா இல்லை. சுண்ணாம்புச் சத்து நிறைய, இரைப்பை அமிலத்தையும் தணிக்கும். ஆனால் சக்தி அதிகம், அதனால் ஒரு கிலோவோடு நிறுத்துங்கள்.

வாளியை முழுதாக எடுத்துவிட வேண்டாம், மருந்தும் தாது உப்பும் கலந்து கொடுக்க அரைக் கிலோவுக்குள் ஏதாவது வேண்டும். எல்லா மாற்றமும் பத்து நாளில் படிப்படியாக. கல் உப்பு நாளைக்கு இருபது கிராம், அப்போதுதான் தண்ணீர் குடிக்கும். நடக்காமல் நிற்கிற குதிரைக்குக் குடல் மந்தமாகிவிடும், சாணம் இறுகிக் குடலை அடைக்கும். அதனால் அந்தியூர் அண்ணன் சொன்ன வைக்கோல் வேண்டாம். நெல் வைக்கோல் செரிப்பது கடினம், அதிலும் ஆக்சலேட் உண்டு.

தொழுவத்தில் மாட்டுத் தீவன மூட்டையும் இருக்கும் அல்லவா? அதிலிருந்து ஒரு பிடிகூட எடுத்துப் போடாதீர்கள். சில மாட்டுத் தீவனங்களிலும் கோழித் தீவனங்களிலும் மோனென்சின் என்ற மருந்தைச் சேர்ப்பார்கள். மாடு தாங்கும், குதிரையின் இதயம் தாங்காது.

லீட்ஸ்_தமிழச்சி | மார்ச் 4, அதிகாலை 2.18

நான் இங்கிலாந்தில் ஒரு குதிரைப் பண்ணையில் வேலை செய்கிறேன். ருசிக்கு மட்டும் ஒரு யோசனை. 2005இல் இங்கே ஒரு ஆய்வு வந்தது. லாயத்தில் நிற்கிற குதிரைகளுக்குத் தீவனத்தில் விதவிதமான வாசனை கலந்து எதை விரும்புகின்றன என்று பார்த்தார்கள். முதலிடம் எதற்குத் தெரியுமா? வெந்தயம்! இரண்டாவது வாழைப்பழம். சீரகமும் முதல் எட்டில் வந்துவிட்டது. படித்துவிட்டுச் சிரித்தேன், குதிரைகள் எல்லாம் நம் ஊர்க்காரர்களாக இருக்கின்றனவே என்று. வெல்லத்தை நிறுத்திவிட்டு ஒரு ஸ்பூன் வெந்தயப் பொடி தூவிப் பாருங்கள்.

எடை கூடிய குதிரைக்கு இங்கே காய்ந்த புல்லைத் தண்ணீரில் பல மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடுவோம். புல்லில் இருக்கிற சர்க்கரை கரைந்து போய்விடும். சின்னக் கண்ணி உள்ள வலைப் பையில் போட்டால் பிடுங்கித் தின்னவே நேரம் ஆகும். ஒரே இடத்தில் கொட்டாமல் மூன்று வகைப் புல்லை மூன்று மூலையில் வைத்தால் அதுவே அதற்கு ஒரு மேய்ச்சல்.

கிண்டி_பழைய_சைஸ் | மார்ச் 4, காலை 7.00

தங்கச்சி, வலைப் பை எல்லாம் சரி. ஆனால் பல மணி நேரம் ஊறவைப்பது லீட்ஸ் குளிருக்கு. உடுமலை மார்ச் வெயிலில் அப்படி ஊறவைத்தால் மத்தியானம் புளித்த கள் வாசனை அடிக்கும்.

புல்_டாக்டர் | மார்ச் 4, காலை 7.45

இருவரும் சரி. நம் வெயிலில் கிருமி வேகமாகப் பெருகும். அரை மணி நேரம் போதும், அந்தந்த வேளைக்கு வேண்டியதை மட்டும், நிழலில். ஊறிய தண்ணீரைக் குதிரை குடிக்க விடக்கூடாது. தூசு அடங்குவதே பெரிய லாபம், மூடிய லாயத்தில் நிற்பதற்கு இருமல் வராது.

வெந்தயம் தாராளமாக. சினைக் குதிரையாக இருந்தால் மட்டும் நான் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

உடுமலை_தோப்பு | மார்ச் 13, இரவு 9.30

பத்து நாள் கணக்கு சொல்கிறேன். முதலில் அருகம்புல் எங்கே கிடைக்கும் என்பதே பெரிய பாடாகிவிட்டது. ஏழு கிலோ காய்ந்த புல்லுக்கு இருபது கிலோவுக்கு மேல் பச்சையாக அறுக்க வேண்டும். பக்கத்துத் தோப்புகளில் களையெடுக்க வருகிற பெண்களிடம் சொல்லி வைத்தேன். எந்த வரப்பு, களைக்கொல்லி அடித்ததா என்று ஒவ்வொரு கட்டுக்கும் கேட்கிறேன். "குதிரைக்கா, கல்யாணத்துக்கா இப்படி விசாரிக்கிறீங்க?" என்று ஒரு அக்கா கேட்டுவிட்டார். வேர் மண்ணை உதறிக் கூரை நிழலில் இரண்டு நாள் காயவைக்கிறோம்.

பற்றாததற்கு ஒன்றரை கிலோ கடலைக்கொடி. அதிலும் மண் இருந்தது, கட்டையில் அடித்து அடித்து உதறினோம். பூசணம் பிடித்த கட்டுகளைத் தூக்கி எறிந்தேன். ஒருவர் சூபாபுல் மரத்தின் தழை கொண்டுவந்து கொடுத்தார், அதைப் போடலாமா?

இப்போது அருகம்புல் வலைப் பையில், கடலைக்கொடி தரையில், குதிரைமசால் எதிர் மூலையில். அவள் ஒன்றில் இரண்டு வாய், மற்றதில் நான்கு வாய் என்று சுற்றிக்கொண்டிருக்கிறாள். உதைப்பது நின்றுவிட்டது. வெந்தய டப்பாவின் மூடியைத் திறந்தால் லாயத்தின் அந்தக் கோடியிலிருந்து கனைக்கிறாள்.

புல்_டாக்டர் | மார்ச் 13, இரவு 10.05

சூபாபுல் வேண்டவே வேண்டாம். அதில் மைமோசின் என்று ஒன்று இருக்கிறது, தொடர்ந்து தின்றால் குதிரைக்குப் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டிவிடும். மார்வாரிக் குதிரையை மொட்டையாகப் பார்க்க ஆசையா?

தின்பண்டம் கொடுக்க ஆசைப்பட்டால் தர்பூசணித் தோல், வெள்ளரிக்காய், புதினா. கேரட் கொடுப்பதென்றால் நீளவாக்கில் கீறிக் கொடுங்கள், வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைக்கும்.

உடுமலை_தோப்பு | மார்ச் 21, மாலை 6.15

ஒரு சந்தேகம். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்பார்களே. மின்னி நேற்றிலிருந்து கொள்ளு என்றாலும் வாயை மூடுகிறாள். வாளியில் இப்போது கால் கிலோ வேகவைத்த கொள்ளு, தாது உப்பு, வெந்தயம் அவ்வளவுதான். முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறாள். புல்லை மட்டும் தின்கிறாள், அதுவும் நிதானமாக. கொட்டாவி விட்டுக்கொண்டே இருக்கிறாள். பல்லை நறநறவென்று கடிக்கிறாள். வெந்தயம் சலித்துவிட்டதா? சீரகத்துக்கு மாற்றலாமா?

அந்தியூர்_சந்தைக்காரன் | மார்ச் 21, மாலை 6.40

ஒரே ருசி என்றால் யாருக்கும் சலிக்கும் தம்பி. ஒரு நாள் வெல்லம் போட்டுப் பாருங்கள்.

புல்_டாக்டர் | மார்ச் 21, மாலை 6.52

சீரகமும் வேண்டாம், வெல்லமும் வேண்டாம். இது ருசிப் பிரச்சினை மாதிரித் தெரியவில்லை. புல் தின்று வாளியை ஒதுக்குவது, பல் கடிப்பது, கொட்டாவி எல்லாம் இரைப்பைப் புண்ணுக்கு ஒத்துப்போகிற அடையாளங்கள். பினைல்பியூட்டசோன் மூன்று வாரமாகப் போகிறது, அந்த மருந்தே இரைப்பையைப் புண்ணாக்கக் கூடியது, நடுவில் நான்கு நாள் புல்லும் பாதிதான் கிடைத்தது. நான் குதிரையைப் பார்க்கவில்லை, முடிவு சொல்ல முடியாது. இன்றைக்கே உங்கள் டாக்டரைக் கூப்பிட்டு இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இன்றைக்கு எத்தனை தடவை சாணம் போட்டது?

உடுமலை_தோப்பு | மார்ச் 21, இரவு 7.05

எண்ணவில்லை டாக்டர். கூப்பிட்டுவிட்டேன், காலையில் வருகிறார்.

கிண்டி_பழைய_சைஸ் | மார்ச் 21, இரவு 7.30

இனிமேல் எண்ணுங்கள். எங்களிடம் லாயக் கதவில் சாக்பீஸால் கோடு போடுவோம். எட்டிலிருந்து பன்னிரண்டு கோடு இருந்தால் நிம்மதி. நான்குக்கு இறங்கினால் யாரும் தூங்கப் போக மாட்டோம்.

உடுமலை_தோப்பு | மார்ச் 24, இரவு 8.50

டாக்டர் பார்த்தார். புண்ணாகத்தான் இருக்கும் என்று சொல்லி வலி மருந்தைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னார், இரைப்பை அமிலத்தைக் குறைக்க ஓமிப்ரசோல் எழுதிக் கொடுத்தார். காலையில் வெறும் வயிற்றில் கொடுத்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் புல். கால் வீக்கம் ஏற்கெனவே வடிந்துவிட்டதால் வலி மருந்து இல்லாமலே நிற்கிறாள்.

வாளியில் கொள்ளையும் எடுத்துவிட்டேன். கைப்பிடி குதிரைமசாலைப் பொடியாக நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து அதில் தாது உப்பு. நேற்று பாதி தின்றாள். கதவில் ஒன்பது கோடு.

அந்தியூர் அண்ணா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு நான் வெல்லத்தைக் கையில் எடுத்துவிட்டேன்.

அந்தியூர்_சந்தைக்காரன் | மார்ச் 24, இரவு 9.20

தப்பு என்ன இருக்கு தம்பி. நானும் இத்தனை வருடம் தலை திருப்புகிற குதிரைக்கு வெல்லம்தான் கொடுத்திருக்கிறேன். எதற்குத் திருப்பியதோ.

உடுமலை_தோப்பு | ஏப்ரல் 22, இரவு 9.00

ஏழு வாரம் முடிந்தது. சுற்றளவு 168, கணக்குப் போட்டால் 371 கிலோ. பிடரி மேடு விரலால் அசைத்தால் அசைகிறது, முன்பு கல் மாதிரி இருந்தது. பதினேழு கிலோ குறைந்திருக்கிறது, சரிதானா?

புல்_டாக்டர் | ஏப்ரல் 22, இரவு 9.40

வேகம் சரி. ஆனால் அதில் எல்லாமே கொழுப்பு இல்லை, நின்றே இருந்ததால் தசையும் போயிருக்கும். புட்டத்தைப் பாருங்கள், முதுகுத்தண்டு ஓரம் குழிந்திருந்தால் குதிரைமசாலை ஒன்றரை கிலோவாக்கி அருகம்புல்லில் அரைக் கிலோ குறையுங்கள். நடக்க ஆரம்பித்துவிட்டதா?

உடுமலை_தோப்பு | ஏப்ரல் 22, இரவு 10.10

நேற்று முதல் தடவை, பத்து நிமிடம். லாயத்திலிருந்து வெளியே வந்ததும் நேராகக் கோ-4 வரப்புக்கு இழுத்தாள். இரண்டு பேர் பிடித்தும் ஒரு வாய் கவ்விவிட்டாள்.

கிண்டி_பழைய_சைஸ் | ஏப்ரல் 22, இரவு 10.25

ஒரு வாயில் ஒன்றும் ஆகாது. நாளைக்கு நடத்துவதற்கு முன்னால் அரை மணி நேரம் அருகம்புல் போட்டுவிட்டு, வாய்க்கால் பக்கமாகச் சுற்றிக் கூட்டிப் போங்கள். வெந்தய டப்பா உங்கள் கையில் இருக்கட்டும்.